சாவு வீட்டுச் சுண்ணாம்பு

அந்த ஊரில் ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டும். கூரை ஒழுகலாம், காரை பெயர்ந்து உள்ளே இருக்கும் செம்மண் பல்லை இளிக்கலாம், உப்புக்காற்று அரித்து ஜன்னல் சட்டம் கையோடு வரலாம். இருக்கிறவர்களுக்காக அங்கே ஒருவரும் சுண்ணாம்பு மட்டையைத் தொட்டதில்லை. பிணம் கேப் கோஸ்ட் பட்டணத்துப் பிணவறைக்குப் போன மறுநாளே வீட்டுக்கு யோகம் அடித்துவிடும். துக்கத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பார்களே. உயிரோடு இருக்கும்போது இந்த வெள்ளையை ஒரு தடவை கண்ணில் காட்டியிருந்தால் கிழவர் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார் என்று மீன் சந்தையில் பெண்கள் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டில் ஒருவர் போனால் அவர்களும் அதையேதான் செய்வார்கள்.

அதனால் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், தலையில் மீன் தாம்பாளத்தோடு கடற்கரையிலிருந்து வந்த எக்குவா, தெருப்பக்கச் சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று நிற்பதைப் பார்த்ததும், தன் வீடு என்பதையும் மறந்து ஒரு கணம் நினைத்துக்கொண்டாள்: யார் போனது?

முக்காலி மேல் ஏறி நின்று கடைசி மூலையைப் பூசிக்கொண்டிருந்தாள் அவள் தங்கை அராபா. முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. முடியில், இமையில், கழுத்தில் எல்லாம் தெறித்திருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. ஆகஸ்ட் மாத மத்திமீன் கூட்டம் கூட்டமாக ஏறிவந்த நாள் அது. படகுகள் விளிம்பில் தண்ணீர் தொட வந்துகொண்டிருந்தன. நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் மணலில் இருந்தார்கள். அந்தக் காலித் தெருவை அராபா நன்றாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள்.

எக்குவா தாம்பாளத்தை இறக்கிவைத்துவிட்டு தங்கையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். திட்டவில்லை. திட்டினால் சத்தம் வெளியே கேட்கும். அராபா அந்த வீட்டில் இருக்கிறாள் என்பதே ஊருக்குத் தெரியாது. ஊரைப் பொறுத்தவரை அவள் ஜெர்மனியில், ஹாம்பர்க் என்கிற பட்டணத்தில், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள்.

அங்கே அவளை அனுப்பிவைத்தது பைதூ மாமா. விமானச் சீட்டு இல்லாமல், வாயாலேயே. அம்மாவின் அண்ணன், குடும்பத்துக்குத் தலைவர், இந்த வீட்டுக்கும் பின்கட்டில் எக்குவா மீன் புகை போடுகிற அடுப்புகளுக்கும் சொல் அவருடையது. மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் அராபா சந்தையில் நின்று இல்லாதவர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தபோது, இந்தக் குடும்பத்தில் பைத்தியம் வந்த சரித்திரமே கிடையாது என்று மாமா அறிவித்தார். சரித்திரத்தைக் காப்பாற்ற அவளை, பைத்தியத்தை ஜெபத்தாலேயே விரட்டுவதாகச் சொல்லும் ஒரு முகாமில் கொண்டுபோய் விட்டார். அவர் தனியாகத் திரும்பி வரும்போதே ஹாம்பர்க் தயாராக இருந்தது. போகப் போக அவருக்கே அதில் ருசி விழுந்துவிட்டது. அராபாவுக்குச் சம்பள உயர்வு கொடுத்தார். தலைமை நர்ஸ் ஆக்கினார். ஒரு தடவை அங்கே பனி பெய்கிறது என்று சொல்லி, கேட்டவர்கள் முன்னால் தன் தோளையே போர்த்திக்கொண்டார்.

முகாமில் அராபாவுக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியபோது, அங்கிருந்தவர்கள் பயந்து எக்குவாவைக் கூப்பிட்டார்கள். அவள் தங்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேன் ஏறி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே மாத்திரை கொடுத்தார்கள். சாயங்கால வேளையில் ஒரு நீள மேசையில் தாளும் வர்ணமும் வைத்து, வரைகிறவர்கள் வரையலாம் என்று விட்டுவிட்டார்கள். அராபா அந்த மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கை நிற்கவில்லை. பின்னறைச் சுவரில் ஆரம்பித்தாள். கறுப்புக்கு அடுப்புக் கரி, சிவப்புக்குக் குழைத்த செம்மண், நீலத்துக்குத் துணிக்குப் போடும் நீலக்கட்டி, ஒட்டுவதற்கு மரவள்ளிக் கஞ்சி. ஒரு மாமரம் வரைந்தாள். அதன் கீழே மனிதர்கள். ஒவ்வொரு நாளும் ஒருவரோ இருவரோ கூடிக்கொண்டே போனார்கள்.

யார் இவர்கள் என்று எக்குவா கேட்டபோது, “கூட இருந்தவங்க. தலைக்குள்ளேயே நின்னுட்டாங்கக்கா. ராத்திரி பகல் பேச்சு. சுவத்துல எறக்கி விட்டா கொஞ்சம் எடம் கெடைக்குது” என்றாள். எக்குவா அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த அறையில் படுக்கும்போது சுவருக்கு முதுகைக் காட்டியே படுத்தாள். முதுகில் யாரோ பார்ப்பது போலவே இருக்கும். ஊர்த் தேவாலயத்துப் பாஸ்டர் இஷ்மாயேலும், அவள் சந்தையில் பேச ஆரம்பித்தபோதே எச்சரித்திருந்தார்: அவளோடு பேசுகிற குரல்கள் என்ன சொல்கின்றன என்று ஒருபோதும் விசாரிக்கக் கூடாது, விசாரித்தால் பிசாசுக்கு முக்காலி போட்டுக் கொடுத்த மாதிரி.

ஆனாலும் அராபா இப்போது தூங்கினாள். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். பின்கட்டில் கம்பி வலைத் தட்டுகளில் மீனை வால் ஒரு பக்கமாக அடுக்கித் தந்தாள், முன்பு போலவே. இதை எல்லாம் எக்குவா மாமாவிடம் சொல்லிப் பார்த்தாள். மாமா கேட்டுக்கொண்டு, தங்கமுலாம் பூசிய கைத்தடியின் குமிழைத் துடைத்தார். மருந்து கொடுக்கும் வரை இருக்கட்டும் என்றுதான் சொன்னதாகவும், சனிக்கிழமை முகாம் வண்டி சந்தைக்கு வரும்போது இப்படி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும் என்றும் சொன்னார். முடியாது என்றால் அடுப்புகளைப் பெயர்த்துக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம். அந்தச் சனிக்கிழமைதான் நாளைக்கு.

“உள்ள இடமில்லக்கா” என்றாள் அராபா, கையைக் கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு. “இன்னும் நெறையப் பேர் இருக்காங்க. அதான் வெளிச் சுவரை எடுத்துக்கிட்டேன். காயணும்.”

கடற்கரையிலிருந்து திரும்பியவர்கள் சுவரைப் பார்த்தார்கள். ஒருவரும் நின்று கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை. தாம்பாளங்களைச் சற்றே தாழ்த்திக்கொண்டு, குரலையும் தாழ்த்திக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் வீட்டின் முன் வந்து நின்றது முகாம் வண்டி இல்லை. தேவாலயத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பாஸ்டர் அனுப்பியிருந்தார். சுவரைப் பார்த்ததுமே தன் ஆவியில் ஒரு பாரம் இறங்கியதாகச் சொல்லி முதல் நாற்காலியில் அவரே அமர்ந்தார். பின்னால் துக்கத்துக்குக் கட்டும் கறுப்பும் சிவப்புமாக ஊர் வர ஆரம்பித்தது. வலப்பக்கத்திலிருந்து வரிசையாகக் கைகொடுத்து உட்கார்ந்தார்கள். எக்குவா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். என்ன சொல்வதென்று தெரியாததால் திரும்பவும் தண்ணீர் கொடுத்தாள். யார் செத்தது என்று யாருக்கும் தெரியாது; வீட்டுக்காரர்கள் வாய் திறக்கிற வரை காத்திருப்பதுதான் முறை. அதுவரை பொதுவாக அழுதார்கள்.

பைதூ மாமா கறுப்புத் துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, கோபத்தோடு வந்து சேர்ந்தார். குடும்பத் தலைவருக்குத் தெரியாமல் குடும்பத்தில் ஒரு சாவா? எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டே வந்தவர், எக்குவாவின் கையைப் பிடித்தபோது உதடு அசையாமல், “யாரு?” என்றார்.

“ஒருத்தரும் இல்ல மாமா. சுவரு மட்டுந்தான்.”

அதற்குள் நாற்காலி வரிசையில் யாரோ ஒரு பெண் ஜெர்மனி என்று முணுமுணுத்தாள். அந்தச் சொல் காற்றில் பொறி விழுந்த மாதிரி ஓடியது. ஐயோ, ஹாம்பர்க் பெண்ணா. எல்லா முகமும் மாமா பக்கம் திரும்பியது. மாமா மறுக்கத்தான் வாயைத் திறந்தார். மறுத்தால், பின்னே யார் இந்த வெள்ளையை அடித்தது என்று அடுத்த கேள்வி வரும் என்பது அவருக்குப் பாதி வழியில் தெரிந்துவிட்டது. திறந்த வாயை மெல்ல மூடி, தலையைக் குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அராபா செத்துப்போனாள்.

பிறகு நடந்ததைக் கேட்டால் எந்தப் பிணத்துக்கும் பொறாமை வரும். அராபா போன மாதம்கூடத் தொலைபேசியில் தன்னை விசாரித்ததாக ஒருத்தி சொன்னாள். அவள் அனுப்பிய சென்ட் பாட்டிலை இன்னும் திறக்காமல் வைத்திருப்பதாக இன்னொருத்தி சொன்னாள். அவள் தனியாகப் பேச ஆரம்பித்த நாளில் சந்தையில் அவளைக் கல்லால் அடித்து விரட்டியவன், தொந்தியும் மீசையுமாக எழுந்து, அவளைப் போல ஒரு சாது இந்த ஊரில் பிறக்கவில்லை என்றான். பாஸ்டர் எழுந்து, இந்தச் சாவு தனக்கு ஈஸ்டருக்கு முன்பே சொப்பனத்தில் காட்டப்பட்டது என்றும், அப்போது சொன்னால் மனம் உடையும் என்று அடக்கிக்கொண்டதாகவும் சொன்னார். பின்னறை ஜன்னலுக்கும் அந்த நாற்காலிகளுக்கும் நடுவே இருந்தது ஒரு மண் சுவரின் கனம். உள்ளே அராபாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும்.

மாமா எக்குவாவைப் பின்கட்டுக்கு, அடுப்புப் பக்கம் அழைத்துப் போனார். மீன் புகை கண்ணைக் கரித்தது. அவருக்கு அது வசதியாக இருந்தது.

“நல்லதுக்குத்தான் நடக்குது புள்ள. கலங்காத. ஹாம்பர்க்ல செத்தா அது ஒரு கௌரவம். ஒடம்பை அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்கன்னு சொல்லிக்கலாம். ஒரு வாரத்துல துக்கம் முடிஞ்சு போச்சு. இனிமே எவனும் எப்ப வருவா, எப்ப வருவான்னு நம்மளக் கேக்க மாட்டான்.”

“அவ உள்ள இருக்கா மாமா.”

“அது நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?”

“அவளுக்கும் தெரியும்.”

மாமா கைத்தடியால் புகையை விலக்கினார். “மத்தியானம் வண்டி வரும். பின்பக்கமா ஏத்திருவோம். செத்தவளை யாரும் தேட மாட்டாங்க, எக்குவா. முகாம்ல இருந்துட்டுப் போகட்டும். உனக்கும் அடுப்பு இருக்கும், வீடு இருக்கும். வாயை மட்டும் மூடிட்டு இரு. அழத் தெரியும்ல? அது போதும்.”

எக்குவாவுக்கு அழத் தெரியும். அடுப்பில் வெந்துகொண்டிருந்த மீனைப் புரட்டிப் போட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் தட்டைத் தூக்கி மாற்றி வைத்தாள். அதையே சம்மதம் என்று மாமா எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அவள் பின்னாலேயே போனாள், இன்றைக்குத் தங்கையை எந்த வழியாக எங்கே கூட்டிப்போவது என்று கணக்குப் போட்டபடி. ஒரு வழியும் நீண்டு போகவில்லை. எல்லா வழியும் மாமாவுக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் போய் நின்றது.

அப்போதுதான் பின்னறைக் கதவு திறந்தது.

அராபா கரிச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நேற்றுத் தெறித்த சுண்ணாம்பை அவள் கழுவியிருக்கவில்லை. முகமும் கையும் முடியும் வெள்ளை. வெள்ளைச் சுவரோரமாக அவள் நடந்து வந்தபோது சுவரே கொஞ்சம் பெயர்ந்து நடந்து வருவது போல இருந்தது. வரிசைக்கு முன்னால் வந்து நின்று, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னாள்:

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க. சுவரு காஞ்சிருச்சு.”

ஒருவரும் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். பாஸ்டர் மட்டும் தான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் எப்படிப் போனார் என்று தெரியவில்லை, அங்கே இருந்தார். ஆவிக்குக் கால் தரையில் பாவாது என்பது அந்த ஊரில் பாலுண்ணும் குழந்தைக்கும் தெரியும். எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் அவள் காலுக்கு இறங்கியது.

கால் தரையில்தான் இருந்தது. விரல்களுக்கு நடுவில் ஈரமண். குதிகால் வெடிப்பு. அதற்குச் சற்று மேலே, இரண்டு கணுக்காலிலும், சுற்றிலும் தோல் உரிந்து ஆறி, திரும்ப உரிந்து ஆறி, பளபளப்பாகக் கறுத்த ஒரு வளையம்.

அது எந்த இரும்புத் தண்டை போட்ட தடம் என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. தெரியும் என்று காட்டிக்கொண்டவர்களும் இல்லை. கண்கள் காலிலேயே நின்றன. மேலே ஏறினால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பைதூ மாமா தொண்டையைக் கனைத்தார். “அந்த ஊர்ல குளிர் ஜாஸ்தி” என்றார். “பூட்ஸை இறுக்கிக் கட்டணும். எல்லாருக்கும் இப்படித்தான் தடம் விழுமாம்.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். கைத்தடியை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாற்றினார்.

கடைசி வரிசையிலிருந்து மான்சா அத்தை எழுந்தாள். சந்தையில் கென்கே, புளித்த சோளமாவுக் கொழுக்கட்டை, விற்கிறவள். வாழை இலை உருண்டையைக் கையில் வைத்தே கனம் சொல்வாள், வாய்க்கும் கனம் அதிகம். அவள் மகன் ஃபீஃபி இத்தாலியில் தக்காளி பறிக்கிறான், அனுப்பும் போட்டோக்கள்தான் வந்து சேருவதில்லை. அவள் நேராக அராபாவிடம் வந்து, ஆவியா மனுஷியா என்று யோசிக்காமல், சுண்ணாம்புக் கையைப் பிடித்தாள்.

“ஏண்டி அராபா. நீ இருந்த எடத்துல என் ஃபீஃபி இருந்தானா?”

வரிசையில் ஒருத்தி, “இத்தாலியில இல்ல இருக்கான்?” என்றாள், பழக்கதோஷத்தில்.

“வாயை மூடு. அவன் எந்த இத்தாலியைக் கண்டான்?” மான்சா திரும்பிப் பார்க்கவே இல்லை. “அவன் சித்தப்பனுங்க ரெண்டு பேரும் வண்டில ஏத்திட்டுப் போனானுங்க. எந்த எடம்னு சொல்ல மாட்டேன்னுட்டானுங்க. சொன்னா நான் போய் அழுது கூட்டிட்டு வந்துருவேனாம். இடது கைல ஆறு வெரல். பாத்தியாடி?”

அராபா கையை விடாமல் அவளைப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள். எக்குவாவும் போனாள். இத்தனை நாளில் அந்தச் சுவரை நேராக, விளக்கில்லாத பகல் வெளிச்சத்தில், அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மாமரம் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை கிளை விட்டிருந்தது. கீழே நின்றவர்கள், குந்தியிருந்தவர்கள், மழையில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர்கள். கரியில் கோடு, செம்மண்ணில் தோல். ஒவ்வொரு முகமும் வேறு முகம். பிசாசு ஒன்றுகூட இல்லை. எக்குவாவுக்கு முதுகில் அத்தனை நாளும் பட்ட பார்வை இன்னதென்று இப்போது தெரிந்தது. அவை பயமுறுத்துகிற கண்கள் இல்லை, யாராவது வருகிறார்களா என்று பார்க்கிற கண்கள். கண்ணுக்குக் கீழே மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. வழவழவென்று வெறும் செம்மண்.

மான்சா தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். மரத்தின் வலப்பக்கம், ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஆறு இருந்தது.

“எளச்சுட்டான்” என்றாள். அப்புறம், “எம்புள்ளைக்கு ஏண்டி வாய் வெக்கல?”

“காலைல காலைல பாடுவான் அத்தை. நல்லாத்தான் பாடுவான். நிறுத்த மாட்டான். வாய் வெச்சா இங்கயும் பாடுவான். எனக்குத் தூங்கணும்.”

மான்சா அதைக் கேட்டுச் சிரித்தாளா அழுதாளா என்று எக்குவாவால் சொல்ல முடியவில்லை. “தொட்டில்லயே அப்படித்தான்” என்றாள். “நீ ஒண்ணும் வெக்காத. தூங்கு. அவன் வாயை நான் பாத்துக்கறேன்.”

வெளியே ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அராபா வரைந்த மரத்தின் அடியில், சுவரோடு சுவராக, சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். எக்குவா கதவைச் சாத்திவிட்டு முற்றத்துக்கு ஓடினாள்.

முகாம் வண்டியின் ஓட்டுநர் இறங்கி, இரண்டடி வைத்து, நின்றான். வெள்ளைச் சுவரைப் பார்த்தான். நாற்காலி வரிசையைப் பார்த்தான், கறுப்பையும் சிவப்பையும் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். அவனும் அந்தக் கடற்கரைக்காரன்தான். வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்காகக் கைகொடுத்துக்கொண்டே வந்து, பைதூ மாமாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“எப்போ ஐயா?”

மாமா வாயைத் திறந்தார். இவ்வளவு நேரம் அவரே அழுது அவரே ஊருக்கு ஒப்புக்கொண்ட சாவு. ஊர் முழுக்க உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கணுக்காலைப் பார்த்த அத்தனை கண்ணும். மாமாவின் தாடை இரண்டு தடவை அசைந்தது.

“நேத்து மத்தியானம்” என்றாள் எக்குவா. “மறுபடி காய்ச்சல். வந்ததுக்கு ரொம்ப நன்றி தம்பி.”

ஓட்டுநர் அனுதாபத்தோடு தலையசைத்தான். “நல்ல பொண்ணுக்கா. சத்தமே போடாது. கட்டினா கட்டின எடத்துல இருக்கும்” என்றான். முகாமில் சொல்லிவிடுவதாகவும் சொன்னான். நாற்காலி வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நிஜ அழுகை அன்றைக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. முகாமுக்குச் செத்துப்போனவளுக்காக, அவள் பத்தடி தூரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்க, ஊர் வாய்விட்டு அழுதது. பாஸ்டர்கூட நாற்காலிக்கு முன்பக்கம் வந்து அழுதார்.

ஓட்டுநர் வண்டியில் ஏறியபோது முன் சீட்டில் மான்சா அத்தை உட்கார்ந்திருந்தாள். மடியில் கென்கே மூட்டை, மேலே எக்குவாவின் அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்து இலையில் கட்டிய மீன். துக்கச் சிவப்பை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

“எங்க அத்தை?”

“நீ போற எடத்துக்குத்தான். வண்டியை எடு.”

“அங்க வெளியாளை உள்ள விட மாட்டாங்களே.”

“நான் கேட்டுக்கு வெளியவே நிப்பேன். நின்னு கத்துவேன். எனக்கு எம்புள்ளை தொண்டை” என்றாள் மான்சா. அவன் அவளை இறக்கப் பார்த்தான். அவள் உடம்பின் தண்டியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

ஊர் கலைய நேரமாயிற்று. பைதூ மாமா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் முதலில் போனார். அடுப்புகளைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குப் பேசவில்லை என்றுதான் எக்குவா கணக்கு வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் நாற்காலியை மடக்குகிற சாக்கில் பின்னறை வாசல் பக்கமாகப் போய்ப் போய் வந்தார்கள். ஒருவர் இருவர் எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அமெரிக்காவிலும் லண்டனிலும் இருக்கும் தங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நடந்தார்கள்.

வெயில் தணிந்து கடல்மூட்டம் தெருவுக்குள் ஏறியபோது அராபா வெளிச்சுவருக்கு முன்னால் முக்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கரித்துண்டு கையில் இருந்தது. இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் செத்துட்டேன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சாக்கா?”

“முகாமுக்குச் சொல்லியாச்சு.”

“இவங்களுக்கு யாரும் சொல்லல போல” என்றாள் அராபா. “இன்னும் கூப்பிட்டுட்டுத்தான் இருக்காங்க.”

மூட்டத்தில் சுவர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நாலைந்து மீன் மட்டும் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தங்கை பக்கத்தில் குந்தினாள். பாஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. வந்து போயிற்று.

“என்ன கேக்கறாங்க?”

அராபா ஆச்சரியத்தோடு அக்காவைப் பார்த்தாள். இதுவரை அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை.

“வண்டி போய்ச் சேந்துச்சான்னு கேக்கறாங்க.”

எக்குவா சாலைப் பக்கம் பார்த்தாள். சந்தை, அப்புறம் பாலம், அப்புறம் ரப்பர்த் தோட்டம், அதைத் தாண்டிச் செம்மண் பாதை. அராபா அங்கே இருந்த காலத்தில் ஞாயிறு தவறாமல் சோறு கட்டிக்கொண்டு முகாம் கேட்டு வரைக்கும் அவள் போன பாதை.

“இன்னும் இல்ல” என்றாள். “பாலத்தைத் தாண்டிருக்கும். இருட்டறதுக்குள்ள மான்சா அத்தை அங்க வந்துருவா, அதுவரைக்கும் யாரும் தூங்கிராதீங்கன்னு சொல்லு.”

அராபா சுவர்ப் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், அதை அப்படியே சொன்னாள்.